ஏலக்காயில் மருந்து எச்சம்: எடுப்புக்கு முன்பா, பின்பா?

கேள்வி: கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், வண்டன்மேடு பக்கம் இரண்டு ஏக்கரில் ஏலம் வைத்திருக்கிறோம். பூர்வீகம் கம்பம், மருந்து, உரம் எல்லாம் கம்பத்துக் கடையில்தான் வாங்குகிறோம். இந்த வருடம் வழக்கமாக எடுக்கும் வியாபாரி மாதிரியை ஆய்வுக்கு அனுப்பிவிட்டு, பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று விலையைக் குறைத்துவிட்டார். எடுப்புக்கு, அதாவது காய் பறிப்புக்கு, நான்கைந்து நாள் முன்பு ஒருமுறை அடித்துவிட்டால் காய் சொறியில்லாமல் பளிச்சென்று வரும் என்பதால் அப்படித்தான் செய்துவருகிறோம். மருந்தை நிறுத்தினால் பேன் (த்ரிப்ஸ் என்னும் சிறு பூச்சி) விடாது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் எங்கள் மேல் வழக்குப் போட முடியுமா? பரிசோதனையை நாங்களே செய்துகொள்ள வழி உண்டா? குமுளியில் சுற்றுலாப் பயணிகளுக்கு 100 கிராம் பாக்கெட் போட்டு விற்கும் யோசனையும் இருக்கிறது.

பதில்: நான்கைந்து நாள் முன்பு அடிக்கிறீர்கள் என்ற அந்த ஒரு வரியில்தான் கோளாறு இருக்கிறது. வியாபாரி சொன்னது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில் உலர்த்தும் கணக்கைப் பாருங்கள். 100 கிலோ பச்சைக்காயை ஸ்டோரில் (காய் உலர்த்தும் கூடத்தில்) போட்டால் 20 முதல் 22 கிலோ உலர்காய் கிடைக்கும். மீதி எல்லாம் தண்ணீர், அது ஆவியாகிறது. மருந்து அப்படி முழுவதும் போய்விடாது. குழம்பு வற்ற வற்ற உப்பு தூக்கலாகத் தெரிவதைப் போல, பச்சைக்காயில் இருந்த எச்சம் உலர்காயில் நான்கைந்து மடங்காகச் செறிந்துவிடுகிறது. ஸ்டோரின் சூட்டில் ஒரு பகுதி சிதையும் என்பது மெய்தான். அது எவ்வளவு என்பது மருந்துக்கு மருந்து மாறும், அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. காயை எடுத்ததும் கழுவிப் போடுகிறோம் என்று சிலர் சொல்வதுண்டு. கழுவினால் மண்ணும் மேலே படிந்த தூளும் போகும்; திசுவுக்குள் ஊடுருவிய மருந்து போகாது.

சட்டம் கேட்கும் அளவு எவ்வளவு சிறியது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பயிருக்கென்று தனி வரம்பு நிர்ணயிக்கப்படாத மருந்துக்கு, பொதுவாக ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்பே பொருந்தும். ஒரு லட்சம் கிலோ சரக்கில் ஒரு கிராம் மருந்து! 2024 ஏப்ரலில், இந்தியாவில் பதிவே இல்லாத மருந்துகளின் விஷயத்தில் மசாலாப் பொருட்களுக்கு இதை 0.1 என்று தளர்த்தினார்கள். பத்து மடங்கு தளர்வு என்றாலும், எடுப்புக்கு நான்கு நாள் முன்பு அடித்த காய் அதற்குள்ளும் அடங்கும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது.

சபரிமலைப் பிரசாதமான அரவணைப் பாயச விவகாரம் உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2023 ஜனவரியில், பிரசாதத்தில் சேர்த்த ஏலக்காயில் வரம்பை மீறிய எச்சம் இருந்ததாக ஆய்வறிக்கை வந்ததும் கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது; ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் தேங்கின. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் ரத்து செய்தது. ஆனால் அதற்குள் அந்த டின்களின் காலம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பெரிய வியாபாரிகள் ஆய்வறிக்கை இல்லாமல் சரக்கைத் தொடத் தயங்குவதில் ஆச்சரியமில்லை. சவுதி அரேபியா எச்சத்தைக் காரணம் காட்டி இந்திய ஏலக்காயைத் திருப்பி அனுப்பிய கதையும் அவர்களுக்குத் தெரியும்.

சரி, என்ன செய்வது? மருந்தடிக்கும் தேதியை மாற்றுங்கள். எடுப்பு முடிந்த மறுநாளிலிருந்து இரண்டு மூன்று நாட்களுக்குள் அடியுங்கள். எடுப்புக்கு முன்பு அடிப்பதை அடியோடு விடுங்கள். ஓர் எடுப்புக்கும் அடுத்த எடுப்புக்கும் இடையே ஏறக்குறைய 30 முதல் 45 நாள் கிடைக்கிறது. எடுத்தவுடன் அடித்தால் அந்த இடைவெளி முழுவதும் மருந்து சிதைவதற்குக் கிடைக்கும். எடுப்புக்கு முன்பு அடித்தால் நான்கு நாள்தான். ஒரே மருந்து, ஒரே செலவு, ஒரே கூலி. விலை குறைவதையும் குறையாததையும் தீர்மானிப்பது தேதி மட்டுமே. பாட்டிலோடு வரும் துண்டுத்தாளில் காத்திருப்புக் காலம் என்று ஒன்று இருக்கும்: கடைசியாக அடித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்கள். அந்தத் தாளைக் கடையிலேயே கிழித்து எறிந்துவிட்டு வராதீர்கள்.

எடுப்புக்கு முன்பு அடித்தால் காய் பளிச்சென்று வருகிறது என்கிறீர்கள். அது மனத்திருப்தி மட்டுமே. சொறி என்பது காய் பிஞ்சாக இருக்கும்போது பேன் சுரண்டிய காயத்தின் தழும்பு. சரத்தில் (பூவும் காயும் பிடிக்கும் தண்டில்) ஒரு பூவிதழை விலக்கிப் பாருங்கள். பூவடிச் செதிலுக்குள்ளும் தட்டையை (செடியின் தண்டை) ஒட்டிய இலையுறைக்குள்ளும் மஞ்சளும் பழுப்புமாக ஊசிமுனை அளவில் ஊர்வதுதான் பேன். முற்றிய காயின்மேல் அதற்கு வேலையில்லை. பறிக்கத் தயாரான காய்க்கு மருந்தடித்தால் ஏற்கெனவே விழுந்த தழும்பு மறையாது, எச்சம் மட்டும் ஏறும்.

பேன் ஒளியும் இடமே காய்ந்த இலையும் உறையும்தான் என்பதால், கவாத்துச் செய்யாத தோட்டத்தில் எத்தனை முறை அடித்தாலும் பாதி மருந்து வீண். காய்ந்த உறைகளை உரித்துச் சுத்தம் செய்துவிட்டு, செடியின் கீழ்ப்பாதியும் சரங்களும் நனையும்படி அடியுங்கள். மேலே இலைக்கூட்டத்தைக் குளிப்பாட்டுவதால் பயனில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் நான் பார்ப்பது அதைத்தான். மார்ச் முதல் மே வரையில், காய் எடுப்பு தொடங்கும் முன்பே பேனை ஒடுக்கிவிட்டால் சீசன் நேரத்தில் கை வைக்க வேண்டிய தேவை வெகுவாகக் குறையும்.

பூக்காலத்தில் இன்னொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஏலப்பூ ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். அந்த ஒரு நாளில் தேனீ வந்தால்தான் காய். காலையில் தேனீ சரத்தில் உட்கார்ந்திருக்கும்போது மருந்தடித்தால், பேனைக் கொன்று காயைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு காயே பிடிக்காமல் செய்கிறீர்கள். கட்டாயம் அடித்தே ஆகவேண்டுமென்றால் மாலையில் அடியுங்கள். அடித்த தோட்டத்தில் மறுநாளே ஆள் இறங்கக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் வரும் பெண்கள் வெறுங்கையால் சரத்தைப் பிடித்துத்தான் காய் எடுக்கிறார்கள்.

இனி கடை. கம்பம் பள்ளத்தாக்கின் மருந்துக் கடைகள் திராட்சை, வாழை, தக்காளி இவற்றை நம்பி நடப்பவை. கடைக்காரருக்குத் திராட்சையில் வரும் செவட்டை நோய் அத்துப்படி. ஏலம் அவருக்கு இரண்டாம்பட்சம். அதனால்தான் பருத்திக்கும் காய்கறிக்கும் பதிவான மருந்தை ஏலத்துக்கும் தூக்கிக் கொடுக்கிறார். ஒரு மருந்து எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு என்பது பாட்டிலில் அச்சிட்டிருக்கும். அதில் ஏலம் இல்லையென்றால் அது உங்களுக்கான மருந்து அல்ல. டயாபென்தியூரான் போன்றவை ஏலத்துக்குப் பதிவானவை. குயினால்பாஸும் முன்பு பதிவாகியிருந்தது; 2023இல் அதன் பயன்பாட்டிலிருந்து ஏலத்தை நீக்கிவிட்டார்கள். இரண்டு மூன்று பாட்டில்களை ஒரே டிரம்மில் கலந்து அடிக்கும் வழக்கத்தையும் விடுங்கள். ஆய்வறிக்கையில் ஒரே காயில் ஐந்தாறு மருந்துகளின் பெயர் வருவது இதனால்தான்.

எல்லைப் பகுதியில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கார்போஃபியூரான், ஃபோரேட், மோனோகுரோட்டோபாஸ், டிரைஅசோபாஸ், புரஃபனோபாஸ் உள்ளிட்ட பல மருந்துகளைக் கேரள அரசு 2011லேயே தடை செய்தது. இவற்றில் ஃபோரேட்டும் டிரைஅசோபாஸும் 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் தடையாகிவிட்டன. புரஃபனோபாஸ் அப்படியல்ல; எல்லையிலுள்ள கம்பமெட்டுக்குக் கீழே தமிழ்நாட்டுக் கடையில் கிடைத்தாலும் மேலே கேரளத் தோட்டத்தில் அடிக்கக் கூடாது. உங்கள் நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் விதிதான் உங்களுக்கு. பூர்வீகமும் ரேஷன் கார்டும் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள். பில் தருவது விற்பவரின் கடமை. ‘பில்லில்லாமல் ஐம்பது ரூபாய் குறைத்துத் தருகிறேன்’ என்றால், நாளைக்கு அந்த மருந்து போலி என்று தெரிந்தால் கேட்க ஆளிருக்காது. சந்தேகம் வந்தால் பஞ்சாயத்துக் கிருஷி பவனில் (கேரள வேளாண் துறை அலுவலகத்தில்) கேளுங்கள். மைலாடும்பாறையில் ஸ்பைசஸ் போர்டின் (மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியத்தின்) ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலையமும் உங்களுக்குக் கூப்பிடு தூரம். தமிழில் பேசினால் புரிந்துகொள்ளும் ஆட்கள் அங்கே எப்போதும் உண்டு.

வழக்கைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 18(3) பிரிவு, விவசாயியையும் விவசாயி நிலையில் இருக்கும் விளைபொருளையும் அந்தச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. உங்கள் ஸ்டோரில் இருக்கும் காய்க்காக உணவுப் பாதுகாப்பு அதிகாரி உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. அது வியாபாரியின் கைக்குப் போனதும் பொறுப்பு அவருடையது. அதனால்தான் அவர் விலையில் கழிக்கிறார். சட்டம் உங்களை விட்டுவிட்டது, சந்தை விடவில்லை. தடை செய்த மருந்து வேறு கதை; அதன் விற்பனையை 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கும் அன்றே 18(3) தரும் பாதுகாப்பு போய்விடும். அப்போது நீங்கள் உணவு வணிகர். சிறு விற்பனையாளருக்கான பதிவு எடுக்க வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், பெரிய செலவில்லை. பாக்கெட்டில் பெயர், முகவரி, எடை, தேதி, பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். அதிகாரி மாதிரி எடுத்தால் அதை நான்கு பகுதியாகப் பிரிப்பார். ஒன்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இதைத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் அலைபவர்கள் அதிகம். ஆய்வாளரின் அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். குமுளிக் கடைகளில் பச்சைப்பசேலென்று மின்னும் காயைப் பார்த்து ஆசைப்பட்டு நிறம் சேர்க்கப் போகாதீர்கள். ஏலக்காயில் செயற்கை நிறம் எந்த அளவிலும் கூடாது.

பரிசோதனையை நீங்களே செய்துகொள்ளலாம். கொச்சியில் ஸ்பைசஸ் போர்டின் ஆய்வகமும், திருவனந்தபுரம் வெள்ளாயணியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் எச்ச ஆய்வகமும் இருக்கின்றன. ஒரு மாதிரிக்கே கணிசமான கட்டணம் ஆகும். ஆகவே பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ஒரே மருந்து, ஒரே தேதி என்று ஒத்துக்கொண்டு, ஒரு கூட்டுமாதிரியை அனுப்புவது புத்திசாலித்தனம். ஒருவர் மட்டும் பழைய முறையில் அடித்திருந்தால் எல்லோருடைய அறிக்கையும் கெடும். அதனால் ஆளைப் பார்த்துச் சேருங்கள். மாதிரியை மேல்மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பினால் பயனில்லை. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்து, பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அரைக் கிலோ வரும்வரை குறைத்துப் புதுக் கவரில் போடுங்கள். மருந்து பாட்டில் வைத்த அறையில் காய் மூட்டை இருந்தால் அந்தக் காயை மாதிரிக்கு எடுக்காதீர்கள், அந்த அறையில் இனி மூட்டையும் வைக்காதீர்கள்.

இப்போது கையில் இருக்கும் சரக்கை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மனதில் இருக்கும். அடுத்த எடுப்பின் சுத்தமான காயோடு அதைக் கலந்து சராசரியாக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். நல்ல காயும் கெட்டு, மறுபடியும் கழிவு விலைதான் கிடைக்கும். பழையதைத் தனி மூட்டையில், தனித் தேதி எழுதி, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள். புதிய எடுப்புக்கு ஒரு நோட்டுப் போட்டு, மருந்தடித்த தேதி, மருந்தின் பெயர், அளவு, பில் எண், எடுத்த தேதி எல்லாவற்றையும் எழுதி வாருங்கள். புற்றடியிலோ போடியிலோ ஏலக்காயை ஏலம் விடும் மையத்துக்குச் சரக்கைக் கொண்டுபோகும்போது அந்த நோட்டும் ஓர் ஆய்வறிக்கையும் கையில் இருந்தால், விலையைப் பற்றி நீங்களும் நாலு வார்த்தை பேசலாம்.