கொழும்பில் இருந்துகொண்டு புத்தளத்தில் இறால் பண்ணை போட்டு ஏற்றுமதி செய்யலாமா? சூழலைக் கெடுக்காமல் செய்ய முடியுமா?

செய்யலாம். ஆனால் காணி விலையை விசாரிக்க முன்னம் அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று விசாரியுங்கள்.

நான் பேலியகொடைப் பக்கம் ஒரு கடலுணவு ஏற்றுமதி நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பண்ணையில் இருந்து வருவதை ஏற்பதும் திருப்பி அனுப்புவதும்தான் என் வேலை.

புத்தளம், முந்தல், சிலாபம் களப்புகளை டச்சுக் கால்வாய் இணைக்கிறது. 80களில் பெருகிய பண்ணைகள் தண்ணீர் எடுத்ததும் அங்கேதான், கழிவு நீரை விட்டதும் அங்கேதான். கண்டல் காட்டை வெட்டிக் குளம் தோண்டியவர்களும் உண்டு. 1996இல் இறாலைக் கொல்லும் வெண்புள்ளி என்ற வைரஸ் நோய் வந்தபோது அது வாய்க்கால் வழியே பண்ணை பண்ணையாகப் போனது. அப்போது கைவிட்ட குளங்கள் எத்தனையோ வெறுமனே கிடக்கின்றன.

அதற்குப் பிறகு நடந்த உருப்படியான காரியம் பயிர் நாட்காட்டி. நக்டா (நீருயிரின வளர்ப்பைப் பார்க்கும் அரச அதிகாரசபை) அந்தப் பகுதியை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எப்போது குஞ்சு விடலாம் என்று முறை வைத்திருக்கிறது. குஞ்சுகளில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று பிசிஆர் பரிசோதனை செய்துதான் விட வேண்டும். உங்கள் முறை இல்லாத மாதங்களில் குளம் சும்மா கிடக்கும். வங்கி வட்டி சும்மா கிடக்காது. கணக்குப் போடும்போது பலரும் விடுவது இதைத்தான்.

சரி, இறால் வளர்ந்து லொறியில் எங்களிடம் வருகிறது என்று வையுங்கள். முதலில் பெட்டிக்குள் வெப்பமானியைச் செருகுவோம். ஐஸ் குறைந்திருந்தால் அங்கேயே பேச்சு முடிந்தது. பிறகு ஒரு கை அள்ளி மேலோட்டை அழுத்திப் பார்ப்போம். வளர்வதற்காகப் பழைய தோலை அப்போதுதான் கழற்றிய இறால் மெத்தென்று அமுங்கும், விலை விழும். அனுபவமுள்ள பண்ணைக்காரர் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தோல் கழற்றுவது கூடும் என்று தெரிந்து அறுவடை நாளைத் தள்ளிவைப்பார். தலை கறுத்திருக்கிறதா, குடலில் தீனி நிற்கிறதா என்பதும் அந்த ஒரு நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாதது மருந்து எச்சம். குளோரம்பெனிகோல், நைட்ரோபியூரன் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் ஐரோப்பாவுக்குக் கூடவே கூடாது. குளத்தில் நோய் கண்டதும் பயத்தில் யாரோ கொடுத்த பொடியைக் கொட்டினால் முழுக் கொள்கலனும் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் தடை போட்டு 2016இல் நீக்கியதே, அது நம் படகுகள் கடலில் பிடித்த மீனுக்கு. வளர்த்த இறாலுக்கு அல்ல. ஆனாலும் அதற்குப் பிறகு எந்தச் சரக்கையும் பதிவேடு இல்லாமல் வாங்க எங்களுக்கு மனம் வருவதில்லை. குஞ்சு எங்கே வாங்கியது, என்ன தீனி, எந்தக் குளம், எந்த நாள் அறுவடை, எல்லாம் எழுத்தில் வேண்டும்.

நீங்கள் கொழும்பில் இருந்துகொண்டு என்று கேட்டதுதான் எனக்கு உதைக்கிறது. குளத்தில் ஒட்சிசன் மிகக் குறைவது விடியப்புறம். அந்த நேரம் மின்சாரம் போய்க் காற்றூட்டி நின்றால், ஜெனரேட்டரைப் போட ஆள் அங்கே படுத்திருக்க வேண்டும். வெள்ளவத்தையில் இருந்து போன் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் இப்போதைக்குக் காணி வாங்காமல், ஏற்கெனவே நடக்கும் பண்ணை ஒன்றில் பங்கு சேர்ந்து ஒரு போகம் அங்கேயே தங்கிப் பாருங்கள்.