காட்டு ஆர்க்கிட்: எங்கே தேடுவது, எப்படிப் படமெடுப்பது?

கேள்வி: ஜூலையில் ஏற்காடு போகிறோம். காட்டு ஆர்க்கிட்களைப் படமெடுக்க ஆசை. போன முறை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எப்படித் தேடுவது? கைபேசி போதுமா?

பதில்: போன முறை பூவைத் தேடியிருப்பீர்கள். பூ சில வாரங்கள்தான். செடி ஆண்டு முழுக்க மரத்தில் இருக்கும். அதனால் முதலில் வேரைப் பார்த்துப் பழகுங்கள். மரத்தில் வளரும் ஆர்க்கிட்டின் வேர்மேல் பஞ்சு போன்ற உறை உண்டு. காய்ந்திருந்தால் வெள்ளியாக மின்னும், நனைந்தால் பச்சையாகும். தடித்த இலைகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தால் நின்று பாருங்கள். பலர் இதைப் புல்லுருவி என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள், பார்க்கவே வேதனையாக இருக்கும். இது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை, மரத்தைப் பிடித்துக்கொண்டு மட்டுமே வாழ்கிறது.

பட்டை சொரசொரப்பான பழைய மரங்களைப் பாருங்கள். பட்டை உரியும் தைல மரத்தில் தேடுவது வீண். சமவெளியிலேயே மா, புளிய மரங்களில் வாண்டா டெசலேட்டா என்ற ஆர்க்கிட் இருக்கும், கட்டம் போட்ட பழுப்பு இதழோடு. மலைப்பாதையில் சரிவுப் பக்கம் எட்டிப் பார்த்தால், கீழேயுள்ள மரத்தின் உச்சிக்கிளை உங்கள் கண்ணுக்கு நேராக வரும். எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். காற்றில் முறிந்து விழுந்த கிளைகளையும் விடாதீர்கள். தரையில் வளரும் ஹாபெனேரியா என்ற ஆர்க்கிட் வகைகள் கிழங்காக உறங்கி, மழைக்குப் பின் முளைப்பவை. ஜூலையில் பலவும் இலையாகத்தான் இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் பூ பார்க்க வாய்ப்பு அதிகம்.

ஏற்காட்டில் இறங்கியதும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போய்விடுங்கள். அங்கே ஒரு மணி நேரம் இலையையும் வேரையும் பார்த்தால் கண் பழகிவிடும்.

சரி, படம். தரைச் செடிக்குக் கைபேசி போதும், ஆனால் ஒட்டிப் போகாதீர்கள். ஒரு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் தெளிவாக விழும். மேகமூட்டமான காலை நல்லது. வெயில் வந்தால் வெள்ளைக் குடையை விரித்து ஒளியை மென்மையாக்குங்கள். காற்றையும் அது தடுக்கும். மரத்தின் மேலே இருப்பதற்குக் கைபேசி போதாது, கேமராவும் தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கும் 300 மி.மீ. லென்ஸும் வேண்டும். பின்னால் வெள்ளை வானம் இருந்தால் பூ கறுத்துவிடும், இலைகள் பின்னணியாக வரும் கோணத்துக்கு நகருங்கள்.

அப்புறம், பூவின் முகத்தை மட்டும் எடுத்தால் இனம் கண்டுபிடிக்க முடியாது. பக்கவாட்டில் தேன்குழல் (பூவின் பின்னால் வால்போல் நீளும், தேன் இருக்கும் குழாய்), இலை, முழுச்செடி, அது நிற்கும் மரம் எல்லாம் வேண்டும். ஹாபெனேரியாவில் தேன்குழலின் நீளம் முக்கியமான அடையாளம்.

நல்ல கோணத்துக்காகப் பக்கத்துப் புல்லைப் பிடுங்கவோ கிளையை வளைக்கவோ வேண்டாம். ஆர்க்கிட் விதை தூசு போன்றது. அதில் சேமித்த உணவு கிடையாது, மண்ணிலோ பட்டையிலோ உள்ள பூஞ்சையின் துணையில்லாமல் முளைக்காது. நீங்கள் மிதிக்கும் இடத்தில் அடுத்த தலைமுறை இருக்கலாம். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வாங்குங்கள். படத்தைப் பகிரும்முன் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். செடியைப் பெயர்த்து விற்பவர்களும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள்.