மல்லிகைப் பெட்டிக்கு விதை நிதி: முதலில் கம்பெனியா, காசா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பறித்த மல்லிகை மொட்டு மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் விரிந்துவிடாமல் இருக்க, பேட்டரியில் ஓடும் குளிர்பெட்டி ஒன்று செய்திருக்கிறேன். கைக்காசு ஒன்றரை லட்சம் கரைந்துவிட்டது. அரசு விதை நிதிக்கு, அதாவது புதுத் தொழிலுக்குத் தரும் ஆரம்பப் பணத்துக்கு, உடனே பிரைவேட் லிமிடெட் தொடங்கச் சொல்கிறார் ஆடிட்டர். பங்கு வேறு கேட்பார்களாமே?

பதில்: ஆடிட்டர் சொல்வது தப்பில்லை, அந்த 'உடனே'தான் இடிக்கிறது.

ஒன்றிய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது கம்பெனி பதிவாகி 2 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது. இன்றைக்குப் பதிந்தால் இன்றே நாள் எண்ணத் தொடங்கிவிடும். மல்லிகையோ சித்திரை, வைகாசியில் கொட்டும். மார்கழிப் பனியில் வரத்தே இருக்காது. பெட்டியைச் சரிசெய்ய ஒரு சீசன், விவசாயிகளிடம் கொடுத்துப் பார்க்க இன்னொரு சீசன் என்று வைத்தாலே அந்த 2 ஆண்டில் பெரும்பகுதி ஓடிவிடும்.

அதனால் பெட்டியின் முதல் மாதிரியைச் செய்து முடிப்பதுதான் முதல் வேலை. ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'நிதி பிரயாஸ்' திட்டத்தில் கம்பெனி இல்லாத தனிநபரும் கேட்கலாம். கையில் தொட்டுப் பார்க்கும் பொருளாக இருக்க வேண்டும், உச்சவரம்பு 10 லட்சம். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் உள்ள மபிஃப் என்ற வேளாண் தொழில் ஊக்குவிப்பு மையத்தையும் ஒருமுறை பாருங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் மொட்டு மூடியிருந்தது, அந்தப் பூவுக்குக் கிலோவுக்கு வியாபாரி எவ்வளவு கூடக் கொடுத்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேர்வுக் குழு துருவித் துருவிக் கேட்பது இதைத்தான். பளபளப்பான ஸ்லைடு இரண்டாம்பட்சம்.

கம்பெனி பதிந்த பிறகு கவனம் தேவைப்படுவது எந்தத் திட்டத்தை முதலில் கேட்பது என்ற வரிசையில். ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில் சோதனைக்கு 20 லட்சம் வரை மானியம், தவணை தவணையாக வரும். சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை, அது திருப்பித் தர வேண்டிய கடன் மாதிரி. ஆனால் சொத்து ஈடோ ஜாமீனோ கேட்கக் கூடாது என்பது விதி. சிக்கல் எங்கே என்றால், வேறு அரசுத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் உதவி வாங்கியவருக்கு இந்தக் கதவு திறக்காது. பரிசுப் பணம் இதில் சேராது.

தமிழக அரசின் விதை நிதித் திட்டமான டான்சீட், ஸ்டார்ட்அப் டிஎன் என்ற அரசு அமைப்பு வழியாக 10 லட்சம் தருகிறது. பசுமைத் தொழில்நுட்பம், கிராம வாழ்வாதாரம், பெண்கள் நடத்தும் நிறுவனம் என்றால் 15 லட்சம். உங்கள் பெட்டி கிராம வாழ்வாதாரக் கணக்கில் வரலாம். ஆனால் அந்த 15 லட்சம், மேலே சொன்ன 10 லட்ச வரம்பைத் தாண்டிவிடும்! பிரயாஸ் பணமும் கையில் இருந்தால் இன்னும் சீக்கிரம் தாண்டும். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் கம்பெனி பதிந்ததும் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியை முதலில் முயல்வேன். கிடைக்காவிட்டால்தான் டான்சீட். எதற்கு எப்போது விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்பதை மதுரையில் உள்ள ஸ்டார்ட்அப் டிஎன் வட்டார மையத்தில் கேளுங்கள்.

அப்புறம் பங்கு விஷயம். டான்சீட் 3 சதவீதம் எடுக்கும். 10 லட்சத்துக்கு 3 சதவீதம் என்றால் உங்கள் கம்பெனிக்கு ஏறக்குறைய 3.33 கோடி விலை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஐந்து லட்சம் போட்டுவிட்டுப் பாதிக் கம்பெனியைக் கேட்கும் மாமாவைவிட இது எவ்வளவோ மேல்.

ஸ்டார்ட்அப் இந்தியா பணத்தில் பட்டறைக்குப் புது ஷெட் போடலாம் என்ற நினைப்பு இருந்தால் விட்டுவிடுங்கள், கட்டட வசதிகளுக்கு அதைத் தொட முடியாது.

இன்னொன்று, இதுதான் அவசரம். பெட்டியின் உள்வேலையை வெளியாட்கள் யாருக்கும் இன்னும் காட்டவில்லை என்றால், காட்டும் முன் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் 1,600 ரூபாய்தான், முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுத்தால் போதும். அந்த ரசீது கைக்கு வந்த பிறகு பெட்டியை மாட்டுத்தாவணிக்குத் தூக்கிப் போங்கள்.