மூங்கில் தண்டுக்குள் ஒரு தகப்பன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், 136 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து திரும்பக் கிடைத்த ஒரு பச்சைத் தவளையைப் பற்றிப் பள்ளியில் கேட்டு வந்தான். அழிகிற நிலையில் இருக்கிறதென்றால், பத்துத் தவளைகளைப் பிடித்து வந்து நம் ஊரணியில் விட்டு வளர்க்கலாமே என்கிறான். என்ன சொல்வது?
– ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்: பிள்ளையை முதலில் தட்டிக்கொடுங்கள், அம்மா. காப்பாற்றத் தோன்றியதே பெரிய விஷயம். ஆனால் அந்தத் தவளைக்கு ஊரணி வேண்டாம், கண்மாயும் வேண்டாம்.

அதன் பெயர் ராவோர்கெஸ்டஸ் கலசோட்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆல்பர்ட் குந்தர் பெயரிட்ட புதர்த்தவளை. மீண்டும் கிடைத்த செய்தி 2011-இல் வெளியானது. உடல் இலைப்பச்சை, தொடையில் சாம்பல் கலந்த நீலம், கருவிழியில் பொன் திட்டுகள். அவ்வளவு அழகும் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டருக்குள்!

நெல்லைச் சீமையில் களக்காடு–முண்டந்துறை மலைகளின் மழைக்காட்டில், ஓடைக்கரை ஓரமாக ஓக்லாண்ட்ரா என்ற மெல்லிய மூங்கில் அடர்ந்து வளரும். அதன் இரு கணுக்களுக்கு நடுவே வெற்றிடம். தண்டில் சிறு பிளவு இருந்தால் தவளை உடலை நெருக்கி உள்ளே நுழைந்துவிடுகிறது. பிளவைத் தவளையால் உண்டாக்க முடியாது. ஏற்கெனவே இருக்க வேண்டும். உள்ளே சில முட்டைகள். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளிவருகிறது. அதுவரை காவல் இருப்பது தகப்பன். மற்ற ஆண் தவளைகள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். சேஷாத்ரி என்ற ஆய்வாளர் தம் குழுவினருடன் இதைக் கவனித்தார். காவலிருந்த ஆணை எடுத்துவிட்டுப் பார்த்தபோது முட்டைகள் பிழைப்பது வெகுவாகக் குறைந்தது.

முப்பது ஆண்டுகள் விலங்கியல் பாடம் நடத்தியவன் நான். அந்த மலையிலுள்ள காக்காச்சிக்கு ஒருமுறை போனபோது, மழை விட்ட அந்தியில் புதரெங்கும் புதர்த்தவளைகளின் குரல். காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியாமல் நின்றேன். அங்கே ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் எண்ணூறைச் சற்றுத் தாண்டும். தவளையின் தோல் மெல்லியது, முட்டைக்கு ஓடு கிடையாது. நம் உப்புக் காற்றில் ஒரு பகல் தாங்காது. கூடைக்கும் காகிதத்துக்கும் அந்த மூங்கிலை வெட்டினால் வெட்டுவது அதன் பிரசவ அறையை. பத்துத் தவளைகளை இங்கே கொண்டு வருவதைவிட, பத்து மூங்கில் தூறுகளை அங்கேயே நிற்கவிடுவது மேல் என்று தம்பியிடம் சொல்லுங்கள். பிளவுபட்ட ஒரு மூங்கிலை வரைந்து, உள்ளே தகப்பனை உட்கார வைக்கச் சொல்லுங்கள். வரைந்ததை எனக்கு அனுப்புங்கள்.

கேள்வி: வாழைக்குழி தோண்டும்போது ஒரு முழ ஆழத்தில் மணலுக்குள் உருண்டையாக ஒரு தவளை. செத்துவிட்டதா?
– ஒரு வாசகர், திருப்புல்லாணி

பதில்: உயிரோடுதான் இருக்கும், ஐயா. பின்னங்காலைத் திருப்பிப் பாருங்கள். குதிகாலருகே மண்வெட்டி போல் ஒரு கெட்டியான மேடு இருக்கும். அதைக் கொண்டு பின்பக்கமாகவே மண்ணைத் தள்ளிப் புதைந்துகொள்ளும் தவளை அது. ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிறது. நிழலான இடத்தில் ஈர மணலில் வைத்து, மேலே மண்ணைத் தளர்வாக மூடிவிடுங்கள். மிதித்து இறுக்க வேண்டாம்.