சும்மா இருக்கிறாளா உங்கள் மகள்?

கேள்வி: என் மகள் பி.ஏ. சமூகவியல் முடித்திருக்கிறாள், 64 சதவீதம். மேலே படிக்கணும் என்கிறாள், ஆனால் எதைப் படிப்பதென்று அவளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. பி.ஏ.வுக்கெல்லாம் வேலை எங்கே என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். எம்.பி.ஏ. சேர்த்துவிடலாம் என்கிறார் அவள் அப்பா. ஒரு தனியார் கல்லூரியில் நுழைவுத் தேர்வு இல்லாமலே இடம் தருகிறார்களாம், 8 லட்சம் ஆகும். இப்போதைக்கு வீட்டில் சும்மாதான் இருக்கிறாள். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு, பத்தாம் வகுப்பு வரை, கணக்கும் சயின்ஸும் டியூஷன் எடுக்கிறாள். அந்தப் பணம் வேலைக்குப் போகும் அவள் அண்ணனின் பைக் தவணைக்குச் சரியாகப் போய்விடுகிறது. எதில் சேர்த்தால் நல்லது?
- ஒரு தாய், சயான் கோலிவாடா, மும்பை

பதில்: அம்மா, எம்.பி.ஏ.வை அப்புறம் பார்ப்போம். போகிறபோக்கில் எழுதிய அந்த டியூஷன் வரியைத் திரும்பப் படியுங்கள். ஒன்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து மாதாமாதம் பணம் கொண்டு வருகிறவளை 'சும்மா இருக்கிறாள்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? சம்பளம் வாங்குகிற பிள்ளையின் பைக்குக்கு, வேலை இல்லை என்று நீங்கள் கவலைப்படுகிற பெண் தவணை கட்டுகிறாள். இது உங்கள் கண்ணில் படவே இல்லை.

வீட்டுக்குக் கொடுப்பது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். வாடகைக்கோ அப்பாவின் மருந்துக்கோ என்றால் கொடுக்கட்டும், அது பெற்ற பிள்ளையின் கடமை. ஆனால் அண்ணன் என்பவன் தங்கை படிப்புக்குத் தோள் கொடுக்க வேண்டியவன். அவள் சம்பாத்தியத்தில் வண்டி ஓட்டுவது அவனுக்கும் அழகில்லை, அதை அனுமதிக்கிற உங்களுக்கும் அழகில்லை. அடுத்த மாதத் தவணை அவன் சம்பளத்திலிருந்து போகட்டும். அவள் பெயரில் வங்கிக் கணக்கு இல்லையென்றால் இந்த வாரமே தொடங்கி, டியூஷன் பணத்தை அதில் போடச் சொல்லுங்கள். விண்ணப்பக் கட்டணம், புத்தகம், முதல் செமஸ்டர் ஃபீஸில் ஒரு பங்கு என்று அந்தப் பணத்துக்குச் செலவு காத்திருக்கிறது.

அந்த 8 லட்சத்துக்கு வருகிறேன். கல்விக் கடனில் 4 லட்சம் வரை வங்கிகள் பொதுவாக அடமானமோ ஜாமீனோ கேட்பதில்லை, பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும். அதற்கு மேல் ஏழரை லட்சம் வரை சில வங்கிகள் ஒருவரை ஜாமீன் நிற்கச் சொல்லலாம். ஏழரையைத் தாண்டினால் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்து, நுழைவுத் தேர்வே இல்லாத இடத்தில் சேர்க்கப் போகிறீர்களா? யார் பணம் கட்டினாலும் எடுத்துக்கொள்கிற கல்லூரியைத் தேடி நல்ல கம்பெனிகள் வருவதில்லை. அவளுக்கு எம்.பி.ஏ. ஆசை இருந்தால் மகாராஷ்டிர அரசின் நுழைவுத் தேர்வான சி.இ.டி. எழுதி, வருகிற மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கிறது என்று பார்க்கட்டும். ஆசை அவளுடையதா, அப்பாவுடையதா என்று முதலில் கேளுங்கள்.

டியூஷன் எடுக்கிறாளே, பி.எட். படிக்க வைக்கலாமே என்று உடனே தோன்றும். இங்கேதான் பி.ஏ. பிள்ளைகள் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பி.எட். இரண்டு வருடம். பள்ளி வேலைக்கு அந்தப் பட்டம் மட்டும் போதாது, டிகிரியில் என்ன பாடம் படித்தாள் என்று பார்ப்பார்கள். கேந்திரிய வித்யாலயாவில் சமூக அறிவியல் ஆசிரியராக, வரலாறு, புவியியல், பொருளாதாரம், அரசியல் அறிவியல் ஆகிய நான்கில் இரண்டு படித்திருக்க வேண்டும். அதில் ஒன்று வரலாறாகவோ புவியியலாகவோ இருக்க வேண்டும். சமூகவியல் அந்தப் பட்டியலில் இல்லை. கணக்கு எவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்தாலும், டிகிரியில் கணக்குப் படிக்காதவளைக் கணக்கு டீச்சராக எடுக்க மாட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்றால், பி.எட். வைத்து ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பு எடுக்கத் தகுதியில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே அவளுடைய எல்லா செமஸ்டர் மார்க்‌ஷீட்டையும் எடுத்து வைத்து, சமூகவியலோடு கூட என்னென்ன பாடம் இருந்தது என்று பாருங்கள். வரலாறும் அரசியலும் தொடர்ந்து இருந்தால் பி.எட். யோசிக்கலாம். இல்லையென்றால் எம்.ஏ. சமூகவியல் முடித்துவிட்டு பி.எட். போகட்டும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் சமூகவியல் ஒரு பாடம். ஜூனியர் காலேஜில் இடம் உண்டு.

எம்.ஏ.வில் 55 சதவீதம் வாங்கினால் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வான நெட் எழுதலாம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 போதும். அதில் தப்பு விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அதே தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வாகி பிஎச்.டி. சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. காலேஜுக்குத் தினமும் போக முடியாத நிலை என்றால் தொலைதூரக் கல்வி தரும் இக்னோ பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சமூகவியல் படிக்கலாம், நெட்டுக்கு அது செல்லும்.

ஆனால் உங்கள் பெண்ணுக்கு நான் முதலில் சொல்வது சமூகப் பணி, எம்.எஸ்.டபிள்யூ. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்க வைக்கத் தெரிந்தவளுக்குப் பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் வேலை இருக்கிறது. இந்தப் படிப்பில் களப்பணி கட்டாயம். இந்தியாவில் சமூகப் பணிக்கென்று 1936ல் முதலில் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனம் தேவ்னாரில் இருக்கிறது. ஜி.டி.பி. நகரில் ஹார்பர் லைன் ஏறி கோவண்டியில் இறங்கினால் போதும், ஹாஸ்டல் செலவு கிடையாது. அங்கே சேர க்யூட்-பிஜி என்கிற தேசிய அளவிலான முதுகலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர் வாக்கில் வரும், தேர்வு மார்ச்சில். டிகிரி ரிசல்ட் வந்த பிறகு தேடுகிறவர்களுக்கு ஒரு வருடம் போய்விடும். தப்பு விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பார்கள், குருட்டாம்போக்கில் டிக் அடிக்கக் கூடாது.

பேங்க் தேர்வை விட்டுவிடச் சொல்லவில்லை. எந்த டிகிரியும் போதும், கிளார்க்குக்கு 28, ஆபீசருக்கு 30 வயது வரை எழுதலாம். பத்தாம் வகுப்புக் கணக்கு தினமும் சொல்லிக் கொடுப்பவளுக்கு அதில் பாதி பயம் போய்விட்டது.

இன்னொன்று. நீங்கள் இட ஒதுக்கீட்டில் வருபவர்கள் என்றால் ஊரில் வாங்கிய சாதிச் சான்றிதழை நம்பி இருக்காதீர்கள். டாடா போன்ற இடங்களுக்கு மத்திய அரசுப் படிவத்தில் சான்றிதழ் வேண்டும், ஓ.பி.சி. என்றால் அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். மகாராஷ்டிர அரசின் ஒதுக்கீட்டுக்குக் குடும்பம் இங்கே குடியிருந்த ஆதாரம் கேட்பார்கள், ஓ.பி.சி.க்கு 1967 அக்டோபர் 13க்கு முன்பு, எஸ்.சி.க்கு 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பு. உங்கள் மாமனார் காலத்துப் பள்ளிச் சான்றோ வாடகை ரசீதோ பெட்டியில் இருந்தால் இப்போதே தேடி எடுங்கள். தாசில்தார் ஆபீஸுக்கு அலைகிற வேலையை அவள் அண்ணனிடம் கொடுங்கள், வண்டிதான் இருக்கிறதே.