ஏழரை என்று கூப்பிடுகிறார்கள்

மேடம், வணக்கம்.

கோவையில் பெயர் பெற்ற ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் சோமனூர் பக்கம். அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறார், அம்மா தறிக்கு நூல் சுற்றித் தார் போடுகிறார். அரசுப் பள்ளியில் படித்ததால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இந்தக் கல்லூரி கிடைத்தது. கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடுகிறது. அதுதான் இங்கே நான் செய்த குற்றம் போலிருக்கிறது.

என்னை ‘ஏழரை’ என்று கூப்பிடுகிறார்கள். ஏழரை சதவீதத்தில் வந்தவன் என்று ஒருவன் ஆரம்பித்தான், அதில் சனியும் சேர்ந்துகொண்டது, இப்போது வகுப்பு முழுக்க அதுதான் என் பெயர். லேபில் ரீடிங் தப்பாக வந்தால் ‘ஏழரை கை வெச்சிருப்பான்’ என்பார்கள்.

அறையில் என்னோடு மூன்று பேர். ஒருவனுக்குத் திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி, இன்னொருவன் கரூர், வீட்டில் பெட்ஷீட் ஏற்றுமதி, மூன்றாமவனுக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையும் லாரிகளும். மூன்று பேரும் மலைமேல் ஹாஸ்டல் பள்ளிகளில் படித்தவர்கள். மெஸ் சாப்பாட்டைத் தொடாமல் கொட்டிவிட்டு வெளியிலிருந்து வரவழைப்பார்கள், நான் இரண்டாவது தடவை சோறு வாங்கினால் மட்டும் திரும்பிப் பார்ப்பார்கள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் ரேஸ் கோர்ஸ் பக்கம் ட்ரீட், பங்கு தொள்ளாயிரம் வரும். எனக்கு அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் வருகிறது, அது ஒரு ட்ரீட்டுக்கே சரியாகிவிடும். போகவில்லை என்றால் அதற்கும் ஒரு சிரிப்பு. ஒருநாள் கரூர்க்காரன் எல்லோர் முன்னாலும் ‘எங்கப்பா கட்டற வரியிலதான்டா நீ சாப்பிடற’ என்றான். பணம் இருந்தால் இவ்வளவு திமிர் வந்துவிடுமா மேடம்? நானும் மார்க் எடுத்துத்தானே வந்தேன்? ஏழரை, ஏழரை என்று கேட்டுக் கேட்டு, எங்கேயாவது பஸ்ஸில் யாராவது மணி ஏழரை என்று சொன்னால்கூடத் திரும்பிப் பார்க்கிறேன்.

இந்த ஒன்றரை வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரி, போன மாதம், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தோளில் கை போட்டார்கள். காலையில் மறுபடியும் ஏழரை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஒரு மாதமாகத் தங்கச்சி பேசுவதில்லை. அவள் அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. இங்கிலீஷ் முதலாம் ஆண்டு. செமினாருக்கு எழுதியதைத் திருத்தித் தரச் சொல்லி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள், பின்னால் தறிச் சத்தம், அதனால் கத்திப் பேசியிருந்தாள், ‘ஏனுங்ணா, சாப்டாச்சுங்களா’ என்று ஆரம்பித்து எழுதிய இங்கிலீஷையும் வாசித்திருந்தாள். அதை ரூமில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன், எல்லோரும் சிரித்தோம், ஒருவன் ஸ்டேட்டஸ் வைத்தான், அது எப்படியோ ஊர் வரைக்கும் போய்விட்டது. அவளுக்கு அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் வரும் ஆயிரத்தில் மாதம் ஐந்நூறு எனக்கு அனுப்புவாள், அதுவும் நின்றுவிட்டது. சரி, அது சின்ன விஷயம், அதற்காக எழுதவில்லை.

இவர்களுக்கு நான் எப்படிப் பதிலடி கொடுப்பது? ரூம் மாறலாமா? இல்லை, கல்லூரியையே விட்டுவிடலாமா? ஏன் இவர்கள் இப்படி இருக்கிறார்கள்?

பெயர் வேண்டாம், சோமனூர்

*

தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஏழரை திரும்பத் திரும்ப வருகிறது. தங்கச்சி ஒரே பத்தியில் வந்து போய்விடுகிறாள். ‘அதற்காக எழுதவில்லை’ என்கிறீர்கள். எனக்கென்னவோ அதற்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று படுகிறது.

போன மாதம் ஒரு ராத்திரி உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தங்கச்சி பேச்சை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. இரண்டையும் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அது ஒரே ராத்திரிதானே? அவள் குரலைப் போட்டீர்கள், அவர்கள் சிரித்தார்கள், தோளில் கை விழுந்தது, பெயர் கிடைத்தது. உங்கள் பெயருக்கு அவள் விலை கொடுத்திருக்கிறாள், அதுவும் அவளைக் கேட்காமலே.

இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். ‘போட்டுவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள், கை தவறி விழுந்த மாதிரி. கை தவறவில்லை தம்பி. ஒன்றரை வருஷம் அவமானப்பட்டவனுக்கு ஐந்து நிமிஷம் அந்தப் பக்கம் உட்கார்ந்து சிரிக்க ஆசை வந்திருக்கிறது. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. பனியன் கம்பெனியில் மேஸ்திரியிடம் திட்டு வாங்கியவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சம்சாரத்திடம் இறக்கி வைப்பதை இருபது வருஷமாக இந்த அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். திருப்பி அடிக்காத ஆளாகப் பார்த்துத்தான் இறக்குவோம். புரிகிறது என்பதால் சரி என்று சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு ஒரு எண் பட்டப்பெயர் ஆனது. அவளுக்கு அவள் குரலே பட்டப்பெயர் ஆகிவிட்டது, ஊருக்குள். நீங்கள் ஹாஸ்டலில் கதவைச் சாத்திக்கொள்ளலாம், அவள் தினமும் அதே ஊரில் பஸ் ஏற வேண்டும். தறி ஓடுகிற வீட்டில் சத்தமாகத்தான் பேச வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அந்தத் தறிதான் உங்களை இங்கே வரைக்கும் கொண்டுவந்தது என்பது அந்த அறையில் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்த நீங்களும் சிரித்தீர்கள்.

அப்புறம் அந்த ஐந்நூறு. தங்கச்சி பேசவில்லை என்று எழுதிய கையோடு பணம் நின்றதையும் எழுதியிருக்கிறீர்கள். அரசு அவள் படிப்புக்கென்று கொடுக்கும் ஆயிரத்தில் பாதி ரேஸ் கோர்ஸ் ட்ரீட்டுக்குப் போயிருக்கிறது. ‘அவன் அப்பா வரியில் நான் சாப்பிடுகிறேனா’ என்று கொதிக்கிறீர்கள், நியாயம்தான், உங்கள் அம்மா வாங்கும் சோப்பிலும் வரி இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லலாம். ஆனால் தங்கச்சி காசில் சாப்பிட்டது உங்களை ஏன் இதுவரை உறுத்தவில்லை?

பணக்காரப் பையன்களைப் பற்றிக் கேட்டீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒதுக்கீடு என்றால் உங்களுடையது மட்டும்தான் என்று அவர்கள் நினைக்கிறார்கள். சுயநிதிக் கல்லூரிகளில் 35 சதவீதமும், சிறுபான்மைக் கல்லூரிகளில் பாதியும் நிர்வாகமே நிரப்பிக்கொள்ளும் இடங்கள், அதற்குப் பட்டப்பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. நம் பக்கத்துப் பணம் பெரும்பாலும் இரண்டு தலைமுறைப் பணம். திருப்பூரில் எக்ஸ்போர்ட் வளர்ந்த காலத்தில் கம்பெனி வைத்தவர்களில் பலர் தோட்டத்திலிருந்தும், இன்னொருவர் கம்பெனியில் வேலை பார்த்தும் வந்தவர்கள்தான். உங்கள் அறைத்தோழனின் தாத்தாவும் ‘ஏனுங், சாப்டாச்சுங்களா’ என்றுதான் கேட்டிருப்பார். அந்தப் பேச்சை மலைமேல் ஹாஸ்டலில் கழற்றி வைத்துவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். நீங்கள் இரண்டாம் ஆண்டிலேயே கழற்ற ஆரம்பித்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

ரூம் மாற வேண்டுமானால் மாறுங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. கல்லூரியை விட வேண்டாம். பட்டப்பெயர் நிற்கவில்லை என்றால் எழுத்தில் புகார் கொடுங்கள். ராகிங் தடைக்கு 1997 முதலே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2016ல் தன் விதியைத் திருத்தி, பொருளாதாரப் பின்னணியை வைத்து ஒருவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் ராகிங்தான் என்று சேர்த்திருக்கிறது. ராகிங் தடுப்புக் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும். பயப்படாமல் போங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை காந்திபுரத்தில் பஸ் ஏறுங்கள். வாட்ஸப்பில் சாரி வேண்டாம், சுடிதார் வாங்கிக்கொண்டும் போக வேண்டாம். இதுவரை வாங்கிய ஐந்நூறுகளுக்கு ஒரு கணக்குப் போட்டு, முதல் தவணையை உங்கள் ஆயிரத்திலிருந்து கொடுங்கள். அவள் எதிரில் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், நீங்களும் சிரித்தீர்கள் என்பதையும் சேர்த்து. ஏழரைக் கதையை அன்றைக்குச் சொல்லாதீர்கள். அதைச் சொன்னால் அவள் உங்களுக்காக அழ ஆரம்பித்துவிடுவாள், தன் வலியை ஓரமாக வைத்துவிடுவாள், தங்கச்சிகள் அப்படித்தான். அது அவளிடம் இன்னொரு முறை வாங்குவது ஆகிவிடும். அவள் பேசாமல் எழுந்து உள்ளே போனால் போகட்டும், நீங்கள் அடுத்த சனிக்கிழமையும் போங்கள்.

பேசினால், செமினார் எப்படிப் போச்சு என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தில் எங்குமே அது இல்லை.