திரையில் மாவோவும் சியாங்கும்: சீனப் புரட்சிப் படங்கள் பற்றிய கேள்வி பதில்

மாவோவின் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் சியாங் கை ஷேக்கின் தேசியவாதக் கட்சியான கோமிண்டாங்குக்கும் இடையே நடந்து, 1949இல் கம்யூனிஸ்டுகளின் வெற்றியில் முடிந்த சீன உள்நாட்டுப் போரையும் அதை நடத்திய தலைவர்களையும் காட்டும் படங்களைப் பற்றிப் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். படங்களின் பெயர்களைப் பொருள் விளங்கும்படி தமிழில் தந்துள்ளேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். 1949க்குப் பிறகு சீனாவில் ஏராளமான போர்ப் படங்கள் வந்தும், அவற்றில் மாவோ ஒரு பாத்திரமாகத் தோன்றவில்லை என்று படித்தேன். இது உண்மையா?

உண்மைதான். 1952இல் வந்த 'தெற்கிலும் வடக்கிலும் போர்', 1954இல் வந்த 'யாங்சியைக் கடந்து உளவு' போன்ற படங்களில் படைத் தலைவர்களும் வீரர்களும் கற்பனைப் பாத்திரங்கள். மாவோ பெரும்பாலும் சுவரில் மாட்டிய படமாகவோ மற்றவர் வாயில் வரும் பெயராகவோ மட்டுமே இருப்பார். உயிரோடிருக்கும் தலைவருக்கு ஒரு நடிகர் வேடம் கட்டுவதை மரியாதைக் குறைவாகக் கருதிய மனநிலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அரசியல் ஆபத்து. இன்று தளபதியாகப் போற்றப்படுபவர் நாளை துரோகி என்று அறிவிக்கப்படலாம் என்ற நிலையில் அவரைப் படத்தில் வைக்க எந்த இயக்குநர் துணிவார்? தளபதி பெங் தேஹுவாய் 1959இல் பதவி இழந்து வீழ்ந்தார். தளபதி ஹே லோங் 1969இல் காவலில் இறந்தார். நாட்டின் தலைவராக இருந்த லியு சாவோசியும் அதே ஆண்டில் மடிந்தார்.

1976இல் பிரதமர் சௌ என்லாயும் மூத்த தளபதி சூ தேயும் மாவோவும் அடுத்தடுத்து மறைந்து, மாவோவின் மனைவி உள்ளிட்ட தீவிரவாத அணியான நால்வர் குழுவும் வீழ்ந்த பிறகுதான் கதவு திறந்தது. 1978இல் எடுக்கப்பட்ட 'பாயும் பெருநதி' என்ற படத்தில் மாவோவும் சௌவும் சிறிது நேரம் தோன்றினார்கள். 1981இல் மாவோவின் தவறுகளையும் சாதனைகளையும் எடைபோட்ட தீர்மானத்தைக் கட்சி நிறைவேற்றியது. அதே ஆண்டில் 'சியான் சம்பவம்' (1936இல் சியாங் தம் தளபதிகளாலேயே சிறைபிடிக்கப்பட்ட நிகழ்ச்சி), 'நான்சாங் எழுச்சி' (1927இல் கம்யூனிஸ்டுகள் நடத்திய ஆயுத எழுச்சி) ஆகிய படங்கள் வந்தன. யாருடைய முகம் திரைக்குத் திரும்புகிறது என்பதைக் கவனித்தாலே அந்தக் காலத்தில் யாருக்கு மறுவாழ்வு அளிக்கப்பட்டது என்பது புலப்படும். இந்தப் படங்களை நான் அப்படித்தான் பார்க்கிறேன். அவை உள்நாட்டுப் போர் நடந்த 1948ஐப் பற்றிச் சொல்வதற்கு நிகராகத் தாங்கள் வெளிவந்த ஆண்டைப் பற்றியும் சொல்கின்றன.

கேள்வி: ஒரே நடிகர் எத்தனையோ படங்களில் மாவோவாக வருகிறாரே, வேறு ஆளே இல்லையா?

தலைவர்களின் சாயல் உள்ளவர்களைத் தேடிப் பிடித்து, அந்த ஒரு வேடத்துக்கென்றே வளர்க்கும் வழக்கம் சீனாவில் உண்டு. நீங்கள் சொல்லும் நடிகர் கூ யுவே ராணுவத்தின் பண்பாட்டுப் பிரிவில் பணியாற்றியவர். நடிப்புத் தொழிலில் இருந்தவர் அல்லர். புகைப்படங்களைப் பார்த்து அவரைத் தேர்ந்தெடுத்தவர் மூத்த தளபதி யே ஜியன்யிங். 2005இல் இறப்பதற்குள் கூ யுவே 84 திரைப்படங்களிலும் தொடர்களிலும் மாவோவாக நடித்திருந்தார். சௌ என்லாய்க்கு வாங் தியெசெங், டெங் சியாவோபிங்குக்கு லு சி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் நிலைத்துவிட்டது. கூ யுவேயின் இடத்துக்கு வந்த தாங் குவோசியாங் முன்பே புகழ்பெற்ற நடிகர். அவரிடம் உருவ ஒற்றுமை குறைவு, நடிப்புத் தேர்ச்சி அதிகம். பார்வையாளர் உருவத்தை மட்டும் பார்த்து நிறைவடைந்த காலம் போய், மனிதரைத் தேடத் தொடங்கியதன் அடையாளமாக இந்த மாற்றத்தைக் காண்கிறேன். தொலைக்காட்சித் தொடர்களில் தலைவர்கள் பொதுச் சீன மொழியில்தான் பேச வேண்டும் என்று 2005இல் ஓர் அரசு அறிவிப்பும் வந்தது. ஹுனான் வட்டாரப் பேச்சோடு மாவோவைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது ஓர் இழப்பு.

கேள்வி: இப்படங்களுக்கு ஒப்புதல் தருவது யார்?

'முக்கியப் புரட்சி வரலாற்று'ப் படைப்புகளை மேற்பார்வையிட 1987இல் தனிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர்கள் பாத்திரங்களாக வரும் திரைக்கதை சாதாரணத் தணிக்கையோடு அக்குழுவின் பார்வைக்கும் போக வேண்டும். 2018இல் திரைப்பட நிர்வாகமே கட்சியின் பரப்புரைத் துறையின் கீழ் கொண்டுவரப்பட்டது.

கேள்வி: சியாங் கை ஷேக் எப்போதும் வில்லன்தானே? சில படங்களில் அவர்மீது இரக்கம் வருவதுபோல் காட்டுகிறார்களே, ஏன்?

மிக நல்ல கேள்வி. சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1950களிலும் 60களிலும் கோமிண்டாங் அதிகாரி என்றாலே கோணல் தொப்பியும் குரூரச் சிரிப்பும்தான். 1986இல் வந்த 'தையர்சுவாங் குருதிப் போர்' இதை உடைத்தது. 1938இல் ஜப்பானியருக்கு எதிராகக் கோமிண்டாங் படைகள் நடத்திய போரை அது மதிப்போடு காட்டியது. சியாங்கும் அதில் ஒரு தேசத் தலைவராகவே தோன்றினார். அப்போது பெய்ஜிங், கோமிண்டாங் ஆண்டுவந்த தைவானை அமைதி வழியில் இணைக்கும் பேச்சை முன்வைத்திருந்தது என்பதை மறக்கக் கூடாது.

1989இல் லி சியன்குவான், சியாவோ குய்யுன் தம்பதியர் இயக்கிய 'குடியரசின் தொடக்க விழா' இன்னும் ஒரு படி மேலே போனது. 1949 ஜனவரியில் பதவி விலகிச் சொந்த ஊரான சிகோவுக்குத் திரும்பும் சியாங்கை நடிகர் சுன் ஃபெய்ஹூ அதில் தோற்றுப்போன ஒரு முதியவராக, குடும்பத்தையும் முன்னோரையும் நினைத்துக் கலங்குபவராகக் காட்டினார். தோல்வியின் கனத்தை உணர்ந்த எதிரியை எதிரே நிறுத்தினால்தான் வெற்றியின் கனமும் தெரியும் என்பதை அந்த இயக்குநர்கள் அறிந்திருந்தார்கள். அந்தப் படம் வெளிவந்தது தியனன்மென் சதுக்கத்தில் போராடியவர்களை ராணுவம் ஒடுக்கி ரத்தம் சிந்திய சில மாதங்களுக்குள். அதே சதுக்கத்தின் முகப்பில் 1949இல் மக்கள் குடியரசு பிறந்ததை அறிவித்து ஒலித்த பிரகடனத்தை அது உச்சக் காட்சியாக்கியது. திட்டமிட்டது முன்பே என்றாலும், அந்தச் சூழலில் அதைப் பார்த்தவர்களின் மனநிலையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

2009இல் ஹான் சான்பிங்கும் ஹுவாங் ஜியான்சினும் இயக்கிய 'குடியரசை நிறுவிய பெரும்பணி'யில் சாங் குவோலி நடித்த சியாங் இன்னும் சிந்தனை மிக்கவர். ஷாங்காயில் பதுக்கல்காரர்களையும் ஊழல்காரர்களையும் ஒடுக்க முயன்று தோற்கும் மகன் சியாங் சிங்குவோவிடம், ஊழலை ஒழித்தால் கட்சி அழியும், ஒழிக்காவிட்டால் நாடு அழியும் என்ற பொருளில் அவர் பேசுகிறார். சீன இணையத்தில் பரவலாக எடுத்தாளப்பட்ட வசனம் அதுதான். கோமிண்டாங்கைப் பற்றிய வசனத்தில் இன்றைய ஆளும் கட்சியையும் பார்வையாளர் கண்டுகொண்டார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி: லின் பியாவோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. துரோகி என்று அறிவிக்கப்பட்டவரைத் திரையில் எப்படிக் காட்டினார்கள்?

அவருடைய கதைதான் இந்தத் துறையிலேயே மிகக் கடினமான சோதனை. 1948 இலையுதிர் காலத்தில் வடகிழக்கைக் கைப்பற்றிய படைக்குத் தலைமை தாங்கியவர் லின் பியாவோ. 1971இல் நாட்டை விட்டுத் தப்பிச் செல்லும்போது மங்கோலியாவில் விமானம் நொறுங்கி இறந்தார். அதன் பிறகு போர் வரலாறுகளில் அவர் பெயர் மங்கலாக்கப்பட்டது. ஆனால் லியாவோஷென் போர் என்று அழைக்கப்படும் அந்த வடகிழக்குப் போரை அவர் இல்லாமல் எப்படிப் படமாக்குவது?

கம்யூனிஸ்டுகளின் ராணுவமான மக்கள் விடுதலைப் படையின் 'ஆகஸ்ட் முதல் நாள்' படப்பிடிப்பு நிறுவனம் 1991, 1992 ஆண்டுகளில் வெளியிட்ட 'மாபெரும் தீர்மானப் போர்' உள்நாட்டுப் போரின் மூன்று பெரும் போர்களின் பெயரில் மூன்று பகுதிகள் கொண்டது: லியாவோஷென், ஹுவாய்ஹாய், பிங்ஜின். முதல் பகுதியில் லின் பியாவோ அதிகம் பேசாமல், வரைபடத்தை வெறித்தபடி, வறுத்த பயறை மென்றுகொண்டே முடிவெடுக்கும் தேர்ந்த தளபதியாக வருகிறார். ஜின்சோ நகரை முதலில் தாக்க வேண்டும் என்று மாவோ வற்புறுத்துகிறார். எதிரிக்குக் கடல்வழி உதவிப் படை வந்துவிட்டதை அறிந்து லின் தயங்கித் தந்தி அனுப்புகிறார். படையின் அரசியல் பொறுப்பாளர் லுவோ ரோங்ஹுவான் எடுத்துச் சொன்ன பிறகு முடிவை மாற்றிக்கொள்கிறார். இது நடந்ததுதான். ஆனால் எதைக் காட்டுவது என்ற தேர்வில் படத்தின் அரசியல் இருக்கிறது: திறமை லின் பியாவோவுக்கு, தீர்க்கதரிசனம் மாவோவுக்கு. இந்த எல்லைக்குள்ளும் அவருக்கு மனித முகம் கொடுத்தது பெரிய துணிச்சல் என்றே சொல்வேன்.

கணினி வரைகலைக்கு முந்தைய அந்தக் காலத்தில் போர்க்காட்சிகளுக்கு நிஜமான ராணுவப் பிரிவுகளே இறக்கப்பட்டன. அத்தனை மனிதர்கள் ஒரே சட்டகத்துக்குள் ஓடும் காட்சியை எந்தக் கணினியும் எனக்கு இதுவரை ஈடுசெய்யவில்லை.

கேள்வி: 2009 படத்தில் ஜாக்கி சான், ஜெட் லீ எல்லாரும் வருகிறார்களாமே?

வருகிறார்கள், 170க்கும் மேற்பட்ட பிரபலங்கள், பலர் ஊதியம் பெறாமல், சில நொடிகளுக்காக வந்து போனார்கள். குடியரசின் 60ஆம் ஆண்டுக்காக எடுக்கப்பட்ட படம் 40 கோடி யுவானுக்கு மேல் வசூலித்தது. அலுவலகங்கள் மொத்தமாகச் சீட்டு வாங்கி ஊழியர்களை அனுப்பும் பழைய முறைக்கு அப்பால், இளைஞர்கள் தாங்களாகவே நட்சத்திரங்களை எண்ணிப் பார்க்கத் திரையரங்குக்கு வந்தார்கள். அந்த உத்திக்கு விலையும் இருந்தது. நட்சத்திரங்களில் சிலர் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் என்று இணையத்தில் கண்டனம் எழுந்தது. 2017இல் 'படையை நிறுவிய பெரும்பணி'யில் இளம் நட்சத்திரங்கள் தளபதிகளாக நடித்தபோது, தளபதி யே திங்கின் பேரனும் இயக்குநருமான யே தாயிங் தம் பாட்டனார் வேடத்துக்கு அப்படி ஒருவரைப் போட்டதை வெளிப்படையாக எதிர்த்தார். அவருடைய கோபம் நியாயமானது. எனினும், நான்சாங் எழுச்சியின்போது யே திங்குக்கு வயது 31 கூட ஆகவில்லை என்பதையும் மறந்துவிட முடியாது.

கேள்வி: நான் இடதுசாரி அரசியலில் ஈடுபாடு உள்ளவன். இப்படங்களை வெறும் பரப்புரை என்று ஒதுக்குவது மேற்கத்தியப் பார்வை இல்லையா, தோழர்?

ஒதுக்கச் சொல்லவில்லை, தோழர். ஹுவாய்ஹாய் போரில் தள்ளுவண்டிகளில் தானியம் சுமந்த விவசாயிகள் கற்பனை அல்லர்; நிலச் சீர்திருத்தம் அவர்களுக்குத் தந்த நம்பிக்கையும் கற்பனை அன்று. ஆனால் விடுபட்டவற்றையும் நாம்தான் கேட்க வேண்டும். 1948இல் வடகிழக்கில் உள்ள சாங்சுன் நகரை மக்கள் விடுதலைப் படை ஐந்து மாதங்கள் முற்றுகையிட்டபோது பொதுமக்கள் பெருந்திரளாகப் பட்டினியால் மாண்டார்கள். உள்ளே இருந்த கோமிண்டாங் படை தானியத்தைப் பறித்தது. வெளியே இருந்த படை மக்களை வெளியேற விடவில்லை. அந்தப் பட்டினியை மையமாக்கிய அரசுப் படம் எதுவும் இல்லை. அதை விரிவாக எழுதிய ராணுவ எழுத்தாளர் ஒருவரின் நூல் தடைசெய்யப்பட்டது. ஏழைகள் பக்கம் நின்ற புரட்சியை மதிப்பவர்களுக்குத்தான் அந்த ஏழைகளின் சாவு முதலில் வலிக்க வேண்டும்.

இன்னொரு வகைப் பிழையும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுத் தலைவர்கள் கூடிய 1943 கெய்ரோ மாநாட்டில் கலந்துகொண்டவர் சியாங். மாவோ அங்கே போகவே இல்லை. ஆனால் 2015இல் அம்மாநாட்டைப் பற்றிய படத்தின் சுவரொட்டியில் மாவோ நின்றார். அதை முதலில் கண்டித்தவர்கள் சீன ரசிகர்கள்தான்.

கேள்வி: தலைவர்களே இல்லாத உள்நாட்டுப் போர்ப் படம் உண்டா? எங்கிருந்து தொடங்கலாம்?

ஃபெங் சியாவோகாங் 2007இல் எடுத்த 'அணிதிரட்டும் எக்காளம்' பாருங்கள். 1948 ஹுவாய்ஹாய் போரில், எக்காளம் ஒலிக்கும்வரை பின்வாங்கக் கூடாது என்ற கட்டளையோடு ஒரு சிறு படைப்பிரிவு நிறுத்தப்படுகிறது. 47 வீரர்களும் இறக்கிறார்கள். உயிர் பிழைத்த கேப்டன் கு சிதி, எக்காளம் ஒலித்ததா இல்லையா என்பதே தெரியாமல், அவர்களுக்குத் தியாகிப் பட்டம் கிடைப்பதற்காக ஆண்டுக்கணக்கில் அலைகிறார். படையின் பெயரே மாற்றப்பட்டுவிட்டது; ஆவணமும் கிடைப்பதில்லை. சரணடைந்த கைதிகளை விடுதலைப் படை வீரர்கள் சுடும் காட்சியும் அதில் உண்டு. அதற்கு முந்தைய படங்களில் நினைத்துப் பார்க்கவே முடியாத காட்சி அது. இறுதியில் அரசு அந்த வீரர்களை அங்கீகரித்துவிடுகிறது. தணிக்கையைத் தாண்ட அந்த முடிவு தேவைப்பட்டது என்பது என் கணிப்பு.

முதலில் 'மாபெரும் தீர்மானப் போர்' வரிசையின் ஹுவாய்ஹாய் பகுதியைப் பார்த்துவிட்டு, அடுத்த நாளே இதைப் பாருங்கள். ஒன்றில் தளபதிகள் வரைபடத்தில் அம்புக்குறி போடுகிறார்கள். மற்றொன்றில் அந்த அம்புக்குறிக்கு அடியில் நின்றவர்களின் பெயர்களை ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார்.